மூன்று நட்சத்திரக் குறிகள்

வயிற்றோட்டத்துக்கு ஒரு நாள் லீவு கேட்டு நான்கு பக்கம் எழுதிய அரசாங்க ஊழியர் ஒருவரை என் சேவைக்காலத்தில் சந்தித்தேன். முதல் பக்கத்தில் விடியற்காலை. ஓர்ஸ் ஹில் சரிவில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. திருகோணமலையில் மூடுபனி கிடையாது, ஆனால் விண்ணப்பத்தில் இருந்தது. இரண்டாம் பக்கத்தில் முதல் நாள் மச்சான் வீட்டில் சாப்பிட்ட இறால் வந்தது. அதன் நிறத்தைப் பற்றி ஒரு சந்தேகத்தை மட்டும் கிளப்பிவிட்டு விண்ணப்பம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. நோயின் பெயர் நான்காம் பக்கத்தின் கடைசி வரியில் இருந்தது.

கூப்பிட்டு விசாரித்தேன்.

"என்ன காணும் இது?"

"லீவு விண்ணப்பம், சீஃப்."

"நாள், காரணம், கையெழுத்து. மூன்றும் ஒரு துண்டில் அடங்கும். இந்த மூடுபனியை நான் எந்தக் கோவையில் போடுறது?"

"காரணத்தை முதலே சொன்னால் மிச்சத்தை வாசிக்க மாட்டீங்களே."

"மிச்சத்தை வாசிக்கிற தேவை எனக்கு இல்லை."

"அதுதான் பிழை. காரணம் கடைசியில தெரிய வந்தால்தான் முதல் நடந்ததெல்லாம் வேற மாதிரித் தெரியும்" என்றார், எனக்காகப் பரிதாபப்படுகிற முகத்தோடு.

லீவைக் கொடுத்தேன். விண்ணப்பம் இத்தனை பக்கத்துக்கு மேற்படக் கூடாது என்று எந்த ஒழுங்குவிதியிலும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

நான் துறைமுகக் கந்தோர் ஒன்றில் பல வருடம் தலைமை எழுதுவினைஞராக இருந்தவன். அவர் எனக்குக் கீழே ஜெற்றிக் கிளாக்கர். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவருடைய சொந்தக்காரர் பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள், மற்றப் பாதிப் பேர் அவருடைய கைப்பிரதி என்னிடம்தான் இருக்கிறதென்று அதைக் கேட்டு வருவார்கள். மெலிந்த மனிதர். மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைப்பார், துடைத்ததும் முன்னிருந்ததைவிட மங்கலாகும், அதைப் போட்டுக்கொண்டு உலகத்தைப் பார்ப்பார். நாவல் எழுதுபவர். எழுதி முடித்தவர் என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவும்.

வள்ளங்கள் கட்டும் ஜெற்றியின் நுனியில் பலகையால் அடித்த ஒரு சின்னக் கூடு இருந்தது. அதற்குள் ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு பெரிய பதிவுப் புத்தகம். எங்கள் வள்ளங்கள் எப்போது போயின, எப்போது வந்தன என்று அதில் எழுதுவதுதான் அவருடைய வேலை. கடைசியில் 'குறிப்புகள்' என்று ஒரு நிரல். சங்கிலி அறுந்தது, துடுப்பு உடைந்தது என்று எழுதுவதற்கு விட்ட இடம். இவர் அதில், 'நாலரை மணி. போன வள்ளம் வருகிறது, ஆனால் போன மனிதனா வருகிறான் என்று தெரியவில்லை' என்று எழுதியிருந்தார். கணக்காய்வுக்கு வந்த பெரியவர் அந்த வரியைச் சிவப்புப் பென்சிலால் சுற்றி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். போன மனிதன் யார், வந்த மனிதன் யார் என்று எழுத்தில் விளக்கம் கேட்டார். அதற்குப் பதில் எழுதியவன் நான்.

எத்தனையோ தடவை சொல்லியிருப்பேன். "நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதும் காணும். யார், எப்ப, எங்க, என்ன. அவ்வளவுதான்."

"ஆர் பாக்கிறார் எண்டதை விட்டுட்டீங்களே."

"என்ன?"

"ஒரே வள்ளம்தான். ஜெற்றியில நிண்டு பாக்கிறவனுக்கு அது போகுது. கப்பலில நிண்டு பாக்கிறவனுக்கு அது வருகுது. நீங்கள் பதிவில 'போனது' எண்டு எழுதச் சொல்லுறீங்கள். அப்ப நீங்கள் எங்க நிக்கிறீங்கள் எண்டு தெரிஞ்சுபோச்சு. கதை சொல்லுறவரும் ஒரு பாத்திரம்தான், சீஃப்."

"நான் பாத்திரம் இல்லை. தலைமை எழுதுவினைஞர்" என்றேன்.

இந்தச் சம்பாஷணையை நாங்கள் வெவ்வேறு வடிவத்தில் பன்னிரண்டு வருடம் நடத்தினோம்.

பன்னிரண்டு வருடம் எங்கே தொடங்கியது என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு நடைமுறையை விளக்க வேண்டும். எங்களுடைய வள்ளம் ஒன்று ஜெற்றியை விட்டுக் கிளம்புவதற்கு ஜெற்றிக் கிளாக்கர் ஒரு அனுமதித் துண்டு எழுதிக் கொடுக்க வேண்டும். துண்டில்லாமல் வள்ளத்தை எடுப்பது குற்றம். இது புத்தகத்தில் உள்ளது. புத்தகத்தில் இல்லாதது, வள்ளக்காரர்கள் எல்லோரும் அறிந்தது, 'வாய்த்துண்டு'. கிளாக்கர் கூட்டுக்குள் இருந்தபடி "போய் வா" என்பார், வள்ளக்காரர் போவார், திரும்பி வந்த பிறகு ஆறுதலாகத் துண்டை எழுதிப் போன நேரத்தைப் போடுவார்கள். மழைக்காலத்தில் கடுதாசி நனையாமல் இருக்க யாரோ தொடங்கிய பழக்கம். பத்துப் பதினைந்து வருடமாக எந்தக் கரைச்சலும் வரவில்லை. வள்ளம் திரும்பி வந்துகொண்டிருக்கும்வரை அதில் ஒரு குறையும் சொல்ல ஏலாது.

அறுபதுகளின் நடுவில், ஒரு மாரிகாலத்துப் பின்னேரம், சல்லிக் கிராமத்தைச் சேர்ந்த வள்ளக்காரர் ஒருவர் சின்ன வள்ளத்தை எடுத்துக்கொண்டு வெளிக்குடாவில் நங்கூரம் போட்டிருந்த கப்பலுக்குத் தனியாகப் போனார். திரும்பும்போது காற்று மாறியது. வள்ளம் கவிழ்ந்த நிலையில் மறுநாள் கிடைத்தது. அவர் உடலை இரண்டு நாள் கழித்துக் கரையில் எடுத்தார்கள். கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்து விசாரணை நடத்தினார். விசாரணைக்குச் செயலாளர் நான். வாக்குமூலங்களை எழுதுவதும், கண்டெடுத்த பொருட்களைப் பட்டியலிடுவதும் என் வேலை. துடுப்பு ஒன்று, கயிறு பத்து முழம், எண்ணெய்த் துணியில் சுற்றிய பொதி ஒன்று, உள்ளே நனைந்த புத்தகங்கள், உரிமையாளர் தெரியவில்லை.

அன்று கடமையில் இருந்த ஜெற்றிக் கிளாக்கரை அதிகாரி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "துண்டு கொடுத்தீரா?"

"நான் துண்டு கொடுக்கவில்லை" என்றார் இவர்.

எழுதிக்கொண்டேன். அதிகாரிக்கு மத்தியான ரயில் இருந்தது. விசாரணைக் கோவையின் முடிவு வரி: 'இறந்தவர் அனுமதியின்றி வள்ளத்தை எடுத்துச் சென்றுள்ளார்.'

அந்த ஒரு வரிதான். ஆனால் சல்லியில் அந்த வரி வளர்ந்தது. கேட்காமல் போனவர் என்பது களவாகப் போனவர் ஆயிற்று. களவாகப் போனவர் கப்பலில் கள்ளச் சாமான் எடுக்கப் போனவர் ஆனார். வள்ளக்காரரின் மனைவி மாதம் ஒருமுறை கந்தோருக்கு வந்து, என் மேசைக்கு முன்னால் நின்று, ஒரே விடயத்தைக் கேட்பாள்.

"பெரிய கிளாக்கர் ஐயா, என்ர மனிசன் கேக்காமப் போறவரில்லை. ஆரோ போகச் சொல்லித்தான் போனவர். அது ஆர் எண்டு எழுதித் தாங்கோ. எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

"முடிந்த கோவை, பிள்ளை. புதுச் சான்று வந்தால்தான் திறக்கலாம். நேரே பார்த்தவர், கேட்டவர் கையெழுத்து வைச்சுத் தர வேணும்."

"ஆரிட்டக் கேக்க?"

அதற்கு நடைமுறையில் பதில் இல்லை. ஆனால் ஒரு மாதம் அவள் வெளியே போகும்போது ஜெற்றிக் கிளாக்கர் அவளை வாசலில் மறித்து, தான் நடந்ததையெல்லாம் ஒரு நாவலாக எழுதிக்கொண்டிருப்பதாகவும், அது அச்சில் வந்ததும் ஊர் வாய் அடங்கிவிடும் என்றும் சொல்லியிருக்கிறார். அவளும் நம்பினாள். அச்சில் வந்தது எல்லாம் அரசாங்கம் சொன்னது என்று நினைக்கிற காலம் அது.

முதல் பிரதி வந்தது. கழித்துவிட்ட சரக்குப் படிவங்களின் பின்பக்கத்தில் எழுதியிருந்தார். கழித்த படிவங்களை எரித்துவிட்டு, எரித்தோம் என்று சான்று எழுத வேண்டும். நான் எழுதிய சான்றின்படி அந்த நாவல் ஏற்கனவே சாம்பல். அதில் முதல் நாற்பது பக்கம் துறைமுகம். பிறகு வள்ளக்காரர் வந்தார், அகன்ற மார்போடு. கடலைப் பார்த்து ஒரு பக்கம் பேசினார். அந்தப் பின்னேரக் காட்சியில் அவர் கயிற்றை அவிழ்க்கக் குனிகிறார். அதற்கடுத்து மூன்று நட்சத்திரக் குறிகள். அதற்குக் கீழே வள்ளம் நடுக்கடலில் நிற்கிறது.

"இந்த இடத்தில் என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு என்ன நடந்திருக்கும் எண்டு படுகுது?"

"எனக்கு ஏதாவது படுவதற்காக எனக்குச் சம்பளம் தருவதில்லை. ஒரு நிரலை வெறுமையாக விடக் கூடாது. விட்டால் குறுக்கே கோடு போட்டுச் சின்னக் கையெழுத்து வைக்க வேணும்."

"மௌனமும் ஓர் உத்திதான், சீஃப்."

இரண்டாவது பிரதியில் கதையைச் சொன்னது வள்ளம். ஆம், வள்ளமே. தன்னுடைய பலகை, தன்னுடைய தார், தன்மீது ஏறிய மனிதரின் பாதம். இந்த வள்ளம் எந்தத் தரத்தில் சேவையிலிருக்கிறது, வாக்குமூலம் அளிக்கத் தகுதியுள்ளதா என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். அவர் கோபிக்கவில்லை. "வள்ளம் சொன்னால் அது கரையில என்ன நடந்ததெண்டு அறியாது. அது தெரிஞ்சதை மட்டும்தான் சொல்லும். வாசிக்கிறவனுக்கு மிச்சம் உறுத்தும்" என்றார். அதே இடத்தில் அதே மூன்று நட்சத்திரம்.

இன்னொரு பிரதியில் ஒவ்வொரு அத்தியாயத்திலும் நீர்க்காகம் ஒன்று வந்து வள்ளம் கட்டும் ஒரு தறியில் அமர்ந்தது. அது எதற்கு என்று கேட்டபோது, அது ஒன்றுக்கும் இல்லை, அது வர வர வாசகனுக்குப் பயம் வரும் என்றார். எனக்கு வரவில்லை. எரிச்சல் வந்தது. ஆனாலும் அந்த வாரம் ஜெற்றிப் பக்கம் போனபோது தறியில் ஒரு நீர்க்காகம் இருந்தது, நான் வேறு வழியாக வந்தேன். அவரிடம் சொல்லவில்லை.

எழுதிய ஒவ்வொரு பிரதியையும் சல்லிக்குக் கொண்டுபோய் அவளுக்கு வாசித்துக் காட்டினார். கைப்பிரதியைச் சைக்கிள் கரியரில் வைத்துப் பழைய ரியூப்பால் கட்டுவார். ஒருமுறை நானும் என் சைக்கிளில் கூடப் போனேன். கோவையிலுள்ள விடயத்தை ஓர் ஊழியர் வெளியாருக்கு வாசிப்பது ஒழுங்கீனம். ஒழுங்கீனம் நடக்கும் இடத்தில் மேலதிகாரி ஒருவர் இருப்பது நல்லது என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

அவள் முற்றத்தில் மீனை வெயிலில் பரப்பியிருந்தாள். எங்களுக்கு இரண்டு கதிரை எடுத்துப் போட்டுவிட்டு, கையில் தடியோடு காகத்தைத் துரத்திக்கொண்டும் மீனைப் புரட்டிக்கொண்டும் கேட்டாள். அன்று வாசித்தது தலைகீழாகச் சொன்ன பிரதி. கரையில் உடலை எடுப்பதில் தொடங்கி, பின்னோக்கிப் போய், முத்துமாரியம்மன் கோவில் திருவிழாவில் அவர் அவளை முதன்முதலில் பார்ப்பதில் முடிந்தது.

வாசித்து முடித்துக் கண்ணாடியைத் துடைத்தார்.

"இதில கடைசியில அவர் உயிரோட இருக்கிறார்" என்றாள் அவள்.

"ஓம். அதுதான் அந்த முறை. முடிவு முன்னுக்குத் தெரிஞ்சதால அந்தத் திருவிழா வாசிக்கிறவனுக்கு வலிக்கும்."

"எனக்கு அது ஏற்கனவே வலிக்குது, ஜெற்றி ஐயா. அதுக்குப் புத்தகம் வேண்டாம்." ஒரு சாளை மீனைப் புரட்டினாள். "அவர் கடலைப் பற்றி இவ்வளவு கதைச்சதா எழுதியிருக்கிறீங்கள். என்ர மனிசன் ஒரு நாளும் கடலைப் பற்றிக் கதைச்சதில்லை. கடலுக்குப் போறவை ஆர் கடலைப் பற்றிக் கதைக்கினம்? அவர் வீட்டுக் கூரையைப் பற்றிக் கதைப்பார். கிடுகு மாத்தோணும், கிடுகு மாத்தோணும் எண்டு. மாத்தாமலே போயிட்டார்."

"அது ஒரு குறியீடாக வரும்" என்று சொல்லிப் பென்சிலை எடுத்தார்.

"அது கூரை" என்றாள் அவள்.

நான் சிரித்துவிட்டேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"நானும் கேக்கிறன், ஒவ்வொரு முறையும் அவர் கயித்தைக் கழட்டுற இடம் வரேக்க நீங்கள் நிப்பாட்டி மூச்சு விடுறீங்கள். பிறகு பாத்தால் வள்ளம் நடுக்கடலில நிக்குது. அந்த இடத்தில ஆரோ ஏதோ சொல்லியிருக்கோணும். அது எங்க?"

"அது வாசிக்கிறவர் நிரப்ப வேண்டிய இடம், பிள்ளை."

"நான் நிரப்பினால் அரசாங்கக் கச்சேரியில ஏற்பினமே?"

திரும்பி வரும் வழியில் அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார். அடுத்த பிரதியை அவளுடைய மனதுக்குள்ளிருந்து எழுதப்போவதாகச் சொன்னார். எழுதினார். வள்ளம் கவிழ்ந்த நேரத்தில் அவள் நெஞ்சில் ஒரு இடி இறங்குகிறது, கையிலிருந்த விளக்கு அணைகிறது. அதைக் கேட்டுவிட்டு அவள் சொன்னதாக அவரே வந்து என்னிடம் ஒப்புவித்தார்: "நான் அண்டைக்கு அரிசி கிளைஞ்சுகொண்டிருந்தனான். ஒண்டும் தெரியேல்ல. ஒண்டும் தெரியேல்ல எண்டதுதான் இவ்வளவு நாளும் என்னைத் தின்னுது."

"அப்ப அதை எழுதும்" என்றேன்.

"எழுதலாம். ஆனால் அது வேற நாவல்."

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத்தில் வடிக்க ஏலாது. ஒரு பெண்ணுக்கு ஒரு வரி தேவை. இந்த மனிதர் பார்வைக் கோணம், கால ஒழுங்கு, குறியீடு, மௌனம் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அந்த வரியைச் சுற்றி வேலி கட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பிரதியிலும் வள்ளக்காரர் வேறு ஆளாக இருந்தார். முதலாவதில் வீரர். வள்ளம் சொன்னதில் ஒரு சோடிப் பாதம். தலைகீழ்ப் பிரதியில் விதியின் கைப்பிள்ளை. ஒன்றில் கொஞ்சம் குடித்தும் இருந்தார், அதற்காக நான் அந்தப் பிரதியை அவர் முகத்துக்கு நேரே மேசையில் எறிந்தேன்.

"குடிக்காத மனிசரைக் குடிகாரன் ஆக்குறீரே, உமக்கு வெக்கமாக இல்லையா?"

"சொல்லுறவன் நம்பத்தகாதவனாக இருந்தால் என்ன நடக்கும் எண்டு பாத்தனான்" என்றார், பொறுக்கிய தாள்களை அடுக்கிக்கொண்டு. "சொல்லுற ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருக்கும், சீஃப். ஆனால் மொத்தத்தில பொய். அப்பிடி ஒரு ஆள்."

'நான் துண்டு கொடுக்கவில்லை.' எனக்கு அந்த வாக்கியம் நினைவு வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும். பிறகு நான் கழித்த படிவங்களை இனி எடுக்கக் கூடாது என்று ஒரு கண்டிப்பான அறிவுறுத்தல் கொடுத்தேன்.

பன்னிரண்டாவது வருடம் அவள் மாதக் கணக்கைப் பாராமல் வந்தாள். மகளுக்குக் குடாவுக்கு அந்தப் பக்கம் கட்டைபறிச்சானில் சம்பந்தம் பேசியிருந்தார்கள். பொடியன் நல்லவன், வயல் இருக்கிறது. ஆனால் சல்லிக் கதை குடா தாண்டிப் போய்விட்டது.

"பொடியன்ர மாமன் கேக்கிறார், அரசாங்கக் கடுதாசியில அந்த ஆளைப் பற்றி என்ன எழுதியிருக்கெண்டு காட்டுங்கோ எண்டு. வாற வெள்ளிக்கிழமை திரும்ப வருவினம். நான் எதைக் காட்ட, ஐயா? உந்த நாவலையோ?"

ஜெற்றிக் கிளாக்கர் அந்த நேரம் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து வாங்க வந்து என் பின்னால் நின்றார். அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தப் பிள்ளைக்கு அப்ப ஆறு வயது. இப்ப பதினெட்டு. நீங்கள் இன்னும் கயித்தைக் கழட்டிக்கொண்டு நிக்கிறீங்கள்."

அவர் கையெழுத்து வாங்காமல் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து, காலையில், ஒரே ஒரு தாளோடு என் மேசைக்கு வந்தார். புதுத் தாள். பின்பக்கம் வெறுமை. அவள் முன்னமே வந்து வாசல் வாங்கில் உட்கார்ந்திருந்தாள். வரச் சொன்னவர் அவர்தான்.

"நடந்ததை நடந்த ஒழுங்கில எழுதியிருக்கிறன்" என்றார். "வாசிக்கட்டோ?"

அனுமதித்தேன். கண்ணாடியைத் துடைக்காமலே வாசித்தார்.

"மேற்படி நாளில் ஜெற்றியில் கடமையில் இருந்த எழுதுவினைஞர் ஆகிய நான் கூறுவதாவது. வெளிக்குடாவில் நின்ற கப்பலில் எனக்கு ஒரு புத்தகப் பொதி வந்திருந்தது. நாவல்கள். கப்பலின் களஞ்சியக்காரர் எனக்காகக் கொண்டுவந்தவை. அது என் சொந்த அலுவல். கப்பல் அன்றிரவு புறப்பட இருந்தது. பின்னேரம் நாலு மணிக்கு வள்ளக்காரரைக் கூப்பிட்டு எடுத்துவரச் சொன்னேன். அவர், 'காத்து மாறுது ஐயா, நாளைக்குப் பாப்பமே' என்றார். நான், 'நாளைக்குக் கப்பல் நிக்காது, போய் வா' என்றேன். அவர், 'சரி, வந்து துண்டை எடுக்கிறன்' என்று சொல்லிக் கயிற்றை அவிழ்த்தார். அவர் வரவில்லை. துண்டு எழுதப்படவில்லை. விசாரணையில் நான் துண்டு கொடுக்கவில்லை என்று சொன்னேன். போகச் சொன்னவன் நான் என்பதைச் சொல்லவில்லை."

கீழே கையெழுத்து. நட்சத்திரம் எதுவும் இல்லை.

அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அவர் சொன்னதை இன்னொருக்கா வாசியுங்கோ."

"'காத்து மாறுது ஐயா, நாளைக்குப் பாப்பமே.'"

"ஓம்" என்றாள். "அது அவர்தான். அவர் அப்பிடித்தான் சொல்லுவார். மாட்டன் எண்டு ஒருத்தருக்கும் சொல்லமாட்டார், நாளைக்குப் பாப்பம் எண்டுதான்." பிறகு, "இவ்வளவு சின்ன விசயத்துக்கு ஏன் ஐயா பன்னிரண்டு வருசம் எழுதினீங்கள்?"

அவர் தாளை என்னிடம் நீட்டினார்.

நான் தாளை வாங்கினேன். கோவையைத் திறப்பதற்கு இது போதும். தலைமை எழுதுவினைஞர் ஊடாகப் போக வேண்டும். இதில் சொல்லப்பட்டது எதையாவது தலைமை எழுதுவினைஞர் தானாக அறிந்திருந்தால் அதையும் குறிப்பிட்டு மேலே அனுப்ப வேண்டும். அதுதான் ஒழுங்கு. பேனையை எடுத்து, 'மேலதிக நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது' என்று எழுதப் போனேன்.

"பெரிய கிளாக்கர் ஐயா" என்றாள் அவள். கோபமாக அல்ல. "இதில என்ர மனிசன் இருக்கிறார். ஜெற்றி ஐயா இருக்கிறார். நீங்கள் எங்க நிண்டனீங்கள்?"

"கந்தோரில்" என்றேன்.

"வள்ளத்தோட எடுத்த அந்தப் பொதி உங்களிட்டயெல்லே வந்தது."

பேனையை வைத்துவிட்டு எழுந்தேன். என் கதிரைக்குப் பின்னால் உள்ள அலுமாரியின் கீழ்த் தட்டில் அது இருந்தது. உரிமையாளர் தெரியாத பொருளை ஒரு வருடம் வைத்திருந்துவிட்டு ஏலத்தில் விட வேண்டும். நான் விடவில்லை. என் சேவைக்காலத்தில் நான் செய்யாமல் விட்ட ஒரே ஒரு நடைமுறை. மேசையில் வைத்தேன். புத்தகங்கள் உப்பில் ஊதி, ஒன்றோடு ஒன்று ஒட்டி, ஒரு கல்லைப் போல இருந்தன. எண்ணெய்த் துணியின் உட்பக்கத்தில் கப்பல்காரர் மையால் எழுதிய பெயர். தண்ணீரில் பரவியிருந்தது. ஆனால் பரவிய எழுத்தை வாசிக்க ஏலாமல் இல்லை. விசாரணை நாளில் அது இன்னும் தெளிவாக இருந்தது. நீரில் கரைந்த எழுத்தை வாசிக்க முயல வேண்டும் என்று எந்த ஒழுங்குவிதியும் சொல்லவில்லை. அதனால் 'உரிமையாளர் தெரியவில்லை' என்று எழுதினேன். கிளாக்கருக்கு ஐந்து பிள்ளைகள், கந்தோருக்கு ஒரு நல்ல பெயர், அதிகாரிக்கு மத்தியான ரயில். வாய்த்துண்டுப் பழக்கம் வெளியே வந்தால் முதலில் விளக்கம் எழுத வேண்டியவன் நான்.

அவள் பொதியைத் தொடவில்லை. என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜெற்றிக் கிளாக்கர் குனிந்து தன் பெயரை வாசித்தார். பன்னிரண்டு வருடம் அந்த மூன்று நட்சத்திரத்தைக் காட்டி, உங்களுக்கு என்ன படுகுது, உங்களுக்கு என்ன படுகுது என்று இந்த மனிதர் ஏன் என்னிடமே கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது; எனக்குத் தெரியும் என்பதை அவர் அறிந்தே இருந்திருக்கிறார். நிமிர்ந்தார். கண்கள் கலங்கியிருந்தன. அந்த நிலையிலும், அந்தப் பெண் அங்கே நிற்கும்போதும், மெல்லச் சொன்னார்:

"நான் சொன்னனானெல்லே, சீஃப். கதை சொல்லுறவரும் ஒரு பாத்திரம்தான்."

இப்படிப்பட்ட மனிதரை என்ன செய்வது? நான் உட்கார்ந்து, அவருடைய தாளின் கீழே, நான் அறிந்ததை நாலு வரியில் எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

மேலிடத்திலிருந்து பதில் வர நாலு மாதம் ஆனது. கோவையின் முடிவு வரி திருத்தப்பட்டது: 'கடமையிலிருந்த எழுதுவினைஞரின் வாய்மொழி அனுமதியுடன் சென்றுள்ளார்.' ஆனால் எங்கள் இருவர் கையெழுத்தும் உள்ள அந்தத் தாளின் ஒப்பமிட்ட பிரதியை அன்றே அவளிடம் கொடுத்துவிட்டேன். அதற்கு எனக்கு அதிகாரம் இல்லை. வெள்ளிக்கிழமை கட்டைபறிச்சானிலிருந்து வந்தவர்கள் அதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள் என்று பிறகு அறிந்தேன். ஜெற்றிக் கிளாக்கருக்குக் கட்டாய ஓய்வு கொடுத்தார்கள். எனக்கு ஒரு கண்டனக் கடிதம் வந்தது. அதில் இரண்டு நடைமுறைப் பிழைகள் இருந்தன, சுட்டிக்காட்டவில்லை.

கலியாணம் அடுத்த ஆவணியில் நடந்தது. சல்லியில் பாதி ஊர் லாஞ்சில் ஏறிக் குடாவுக்கு அந்தப் பக்கம் போனதாகச் சொன்னார்கள். எங்கள் இருவருக்கும் அழைப்பு வரவில்லை.

கலியாணத்தன்று பின்னேரம் ஜெற்றிக் கிளாக்கர் என் வீட்டுக்கு வந்தார். கையில் தாள் எதுவும் இல்லாமல் அவரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. தேத்தண்ணி கொடுத்தேன். கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்து மங்கலாக்கிப் போட்டுக்கொண்டார்.

"கூப்பிடேல்ல" என்றார்.

"கூப்பிடவில்லை."

"கதை அந்த இடத்தில முடியிறதுதான் சரி, சீஃப்."

பன்னிரண்டு வருடத்தில் அவர் சொன்ன ஒன்றுக்கு நான் திருத்தம் சொல்லாதது அன்றுதான்.